எலக்ட்ரான் எந்தப் பக்கம் சாய்கிறது?

கேள்வி: மேடம், நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, இப்போது பி.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு படிக்கிறேன். பள்ளியில் வேதியியலை மனப்பாடம் செய்துதான் பாஸ் செய்தேன். அதிலிருந்து தப்பிக்கத்தான் விலங்கியல் எடுத்தேன். ஆனால் செல் உயிரியலில் முதல் யூனிட்டே பாண்ட், போலார், பி.எச்., பஃபர் என்று போகிறது. போதாததற்கு அலைடு பாடமாகவும் கெமிஸ்ட்ரி இருக்கிறது. ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். இருநூறு சொல் ஆகிவிட்டது. மறுநாள் பார்த்தால் பாதி மறந்துவிடுகிறது. வேறு துறைக்கு மாறிவிடலாமா? வேண்டாம் என்றால், எந்தச் சொற்களை முதலில் படிப்பது?
— முதலாண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

துறை மாற வேண்டாம். இதைத் தயங்காமல் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக முதலாண்டு மாணவர்களுக்கு உயிர்வேதியியல் நடத்துகிறேன். கல்லூரி திறந்த முதல் மாதத்தில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு வந்து நிற்பார். அவர்களில் பலருக்கு வேதியியல் வராமல் இல்லை. அது அவர்கள் கைக்கு வந்து சேர்ந்த விதம்தான் சரியில்லை. உங்கள் நோட்டும் அப்படித்தான். இருநூறு சொற்களையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே குடும்பம். தாத்தா யார், பேத்தி யார் என்று தெரியாமல் ஒரு கல்யாண வீட்டில் இருநூறு பேரின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் எப்படி நிற்கும்?

அந்தக் குடும்பத்துக்கு ஒரு மூத்த கேள்வி இருக்கிறது. இரண்டு அணுக்கள் எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்ளும்போது, அந்த எலக்ட்ரான் எந்தப் பக்கம் சாய்கிறது? உயிரியல் மாணவருக்கு வேண்டிய வேதியியலில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

முதலில் எத்தனை அணுக்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பாருங்கள். தனிம வரிசை அட்டவணையில் 118 தனிமங்கள் இருக்கின்றன. நம் உடல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் வெறும் நான்கால் ஆனது: ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன். கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், கந்தகம், சோடியம், குளோரின், மெக்னீசியம் ஆகியவற்றையும் சேர்த்தால் மிச்சம் இருப்பது மிகவும் கொஞ்சம். ஆக, நீங்கள் பழக வேண்டியது பதினோரு பேரோடுதான். அதிலும் முதல் நால்வரோடு நெருக்கமாக.

அந்த நால்வரும் எலக்ட்ரானை எவ்வளவு வலுவாக இழுப்பார்கள் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. பள்ளியில் எலக்ட்ரான் கவர்தன்மை என்று படித்திருப்பீர்கள்; கல்லூரியில் எலக்ட்ரோநெகட்டிவிட்டி என்பார்கள். அமெரிக்க வேதியியலாளர் லினஸ் பாலிங் 1932-இல் வகுத்த அளவுகோலின்படி ஆக்சிஜன் 3.44, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. இந்த நான்கு எண்களை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். நான் மனப்பாடம் செய்யச் சொல்வது இவற்றைத்தான்.

இப்போது தண்ணீர். ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், அதனால் இது சகப்பிணைப்பு, ஆங்கிலத்தில் கோவேலன்ட் பாண்ட். ஆனால் 3.44-க்கும் 2.20-க்கும் நடுவே நடக்கும் பங்கீடு சமமாக இருக்காது. எலக்ட்ரான் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அந்தப் பக்கம் கொஞ்சம் எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின் தன்மை. மூலக்கூறும் நேர்க்கோடாக இல்லை, 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருக்கிறது. அதனால் இரு பக்கத்துச் சாய்வும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளவில்லை. இப்படி இரண்டு முனை உள்ளதுதான் முனைவுள்ள மூலக்கூறு. போலார் என்பது இதுதான், வேறொன்றும் இல்லை.

சாய்வு முழுமையாகிவிட்டால் என்ன ஆகும்? சோடியத்தின் எண் 0.93, குளோரினுடையது 3.16. இங்கே பங்கீடு என்ற பேச்சே இல்லை. எலக்ட்ரான் முழுதாகக் குளோரினிடம் போய்விடுகிறது. இருவரும் அயனிகள் ஆகிறார்கள், பிணைப்பு அயனிப் பிணைப்பு ஆகிறது. முனைவற்ற பிணைப்பு, முனைவுள்ள பிணைப்பு, அயனிப் பிணைப்பு என்று உங்கள் நோட்டில் மூன்று தனி வரிகளில் இருப்பவை ஒரே சாய்வின் மூன்று அளவுகள்தான். சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். ஆனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சோடியம் 140 என்று போட்டிருக்கிறார்களே என்று ஒரு மாணவர் குழம்பியிருக்கிறார். சீட்டில் இருப்பது சோடியம் அயனி. ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்த பிறகு அதன் குணமே வேறு.

அடுத்து ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரு தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கம், பக்கத்துத் தண்ணீரின் ஆக்சிஜன் பக்கத்தை நோக்கி ஈர்க்கப்படுகிறது. அவ்வளவுதான். இது சகப்பிணைப்பின் வலுவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஒன்று தனியாக இருந்தால் நொடியில் அறுந்துவிடும். ஆனால் கோடிக்கணக்கில் சேரும்போது தண்ணீரைத் தண்ணீராக வைத்திருப்பது அதுதான். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாக வேண்டுமென்றால் இந்தப் பிணைப்புகளை அறுக்க வேண்டும்; அதற்கான வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதும் இதே கணக்குதான்.

ஹைட்ரஜன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் துறைக்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஜேம்ஸ் வாட்சன் இளநிலையில் படித்தது விலங்கியல். 1953 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் டிஎன்ஏவின் காரங்களை (ஆங்கிலத்தில் பேஸ்; அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்று நான்கு) அட்டையில் வெட்டி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பொருந்தவில்லை. அதே அறையில் இருந்த ஜெரி டோனஹ்யூ என்ற வேதியியலாளர், அன்றைய பாடநூல்களில் குவானினுக்கும் தைமினுக்கும் போட்டிருந்த ஹைட்ரஜன் அணுக்கள் தவறான இடத்தில் இருக்கின்றன என்று சுட்டிக்காட்டினார். ஹைட்ரஜனை இடம் மாற்றிய பிறகு அடினின் தைமினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், குவானின் சைட்டோசினோடு மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளாலும் பொருந்தின (வாட்சனும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த பிரான்சிஸ் கிரிக்கும் முதலில் இரண்டாகவே வரைந்தார்கள், மூன்றாவது பிறகுதான் உறுதியானது). டிஎன்ஏவின் இரண்டு இழைகளைச் செல் எளிதாகப் பிரித்துப் படிக்க முடிவதும் இந்தப் பிணைப்பு வலு குறைந்தது என்பதால்தான். சகப்பிணைப்பாக இருந்திருந்தால் இவ்வளவு லேசாகப் பிரிக்க முடியாது.

சரி, எண்ணெய்க்கு வருவோம். எண்ணெயின் நீண்ட வால் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும்தான். 2.55, 2.20. இழுப்பு கிட்டத்தட்ட சமம், சாய்வு இல்லை, அதனால் முனைவற்றது. ஹைட்ரோபோபிக் என்ற சொல்லை நீர் வெறுக்கும் என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அந்த மொழிபெயர்ப்பில் உடன்பாடு இல்லை. எண்ணெய் தண்ணீரை வெறுக்கவில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்து நிற்கின்றன. எண்ணெயிடம் அவை பிடித்துக்கொள்ள முனை எதுவும் இல்லை. அதனால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுக்கப்படுகிறது. இப்படிப் புரிந்துகொண்டால் செல் சவ்வு புரிந்துவிடும். சவ்வை ஆக்கும் கொழுப்புப் பொருளான பாஸ்போலிப்பிடின் தலையில் மின்சுமை உண்டு, வாலில் இல்லை. தலைகள் தண்ணீர்ப் பக்கம் திரும்ப, வால்கள் உள்ளே ஒதுங்க, இரட்டை அடுக்கு தானாகவே அமைகிறது. செல் உயிரியலில் அடுத்த யூனிட் இதுதான்.

பாடம் நடத்தத் தொடங்கிய ஆண்டுகளில் நான் வரையறைகளைச் சொல்லி எழுத வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், கொழுப்பு தண்ணீரில் கரையாது என்றால் ரத்தத்தில் எப்படிப் போகிறது?" என்று கேட்டாள். அன்றோடு எழுத வைப்பதை நிறுத்திவிட்டேன். அவள் கேட்டதற்குப் பதில் லிப்போபுரதம்: உள்ளே கொழுப்பு, வெளியே நீரோடு ஒத்துப்போகும் புரதமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த உறை. வீட்டில் பெரியவர்களின் பரிசோதனைச் சீட்டில் எல்டிஎல், எச்டிஎல் என்று இருப்பவை இந்தப் பொட்டலங்கள்தான். போலார் என்ற ஒரு சொல்லை உண்மையாகவே புரிந்துகொண்டவருக்குத்தான் அந்தக் கேள்வி எழும்.

ஒரே ஓர் இடத்தில் சாய்வு மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அரிவாள் செல் சோகையைப் பாருங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அதன் பக்கத் தொடரில் எதிர்மின் சுமை உண்டு, தண்ணீரோடு ஒத்துப்போகும். இந்த நோயில் அங்கே வாலின் (valine) என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்காருகிறது. அதன் பக்கத் தொடர் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும், எண்ணெய் மாதிரி. ஆக்சிஜனை விட்டுவிட்ட நிலையில் இந்த ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே அரிவாள் வடிவத்துக்கு வளைத்துவிடுகின்றன. இதை மூலக்கூறு நோய் என்று 1949-இல் பெயரிட்டவர்களில் முதன்மையானவர் அதே லினஸ் பாலிங். எலக்ட்ரான் கவர்தன்மை அளவுகோலும் இந்த நோயும் ஒரே மனிதரின் சிந்தனையில் சந்தித்தது தற்செயல் இல்லை என்று நான் நினைக்கிறேன். இந்தியாவில் இந்தப் பண்பு முதலில் பதிவான இடங்களில் ஒன்று நம் நீலகிரி. அங்குள்ள பழங்குடி மக்களிடம் 1952-இல் கண்டறிந்தார்கள். இன்றும் அந்த மலையில் இதற்காகச் சிகிச்சை பெறும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இது ஒரு பாடப் பகுதி அல்ல.

இப்போது பி.எச்., அதாவது ஒரு கரைசல் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் அளவு. இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பாகிறதே, அதேதான். மஞ்சளில் உள்ள குர்குமின், காரக் கரைசலில் ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது; அதன் எலக்ட்ரான் அமைப்பு மாறுகிறது; நிறமும் மாறுகிறது. அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சள். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு ஒரு தடவை செய்து பாருங்கள். அமிலம் என்பது ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது, காரம் அதை வாங்கிக்கொள்வது என்ற வரி அதற்குப் பிறகு மறக்காது.

பி.எச். அளவை 1909-இல் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் சோரன்சன். வேலை பார்த்தது கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில், கவலைப்பட்டது நொதிகளைப் பற்றி. அதாவது இது உயிரியல் தேவைக்காகவே பிறந்த அளவு. இதில் மாணவர்கள் தவறவிடும் இடம் ஒன்றுதான்: ஒரு படி என்பது பத்து மடங்கு. பி.எச். 5-இல் இருப்பதைப்போல் பத்து மடங்கு ஹைட்ரஜன் அயனி பி.எச். 4-இல் இருக்கும். எண் குறைந்தால் அமிலம் கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ரத்தத்தின் பி.எச். 7.35-இலிருந்து 7.45 வரை. அது 7.4-இலிருந்து 7.1-க்கு இறங்கினால், பார்க்க 0.3 தானே என்று தோன்றும். ஆனால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு லிட்டருக்கு 40 நானோமோலிலிருந்து 80 ஆகிவிட்டது. இரண்டு மடங்கு. அந்த நோயாளி ஆபத்தில் இருக்கிறார்.

அந்த ஆபத்து சாதாரணமாக வராமல் காப்பதுதான் பஃபர். தமிழில் தாங்கல் கரைசல். எனக்கு மிகவும் பிடித்த சொல், தாங்கிக்கொள்ளும் என்று பெயரிலேயே இருக்கிறது. செல்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அது ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட்டாகவும் பிரிகிறது. இந்த வினை இரண்டு திசையிலும் போகும். அமிலம் கூடினால் பைகார்பனேட் ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்ளும்; குறைந்தால் கார்பானிக் அமிலம் கொடுக்கும். வாங்கியது கடைசியில் கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறும். சர்க்கரை நோய் கட்டுக்கடங்காமல் போய் கீட்டோ அமிலங்கள் சேரும்போது நோயாளி வேகவேகமாக, ஆழமாக மூச்சு விடுவது இதற்குத்தான். நுரையீரல் அமிலத்தை வெளியே தள்ளப் பார்க்கிறது.

தயிரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலின் பி.எச். 6.7-ஐ ஒட்டி இருக்கும். அப்போது கேசின் புரதத் துகள்கள் எல்லாவற்றிலும் எதிர்மின் சுமை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. உறை ஊற்றியதும் பாக்டீரியா லாக்டோஸை லாக்டிக் அமிலமாக்குகிறது. வரும் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையை ஈடுகட்டிக்கொண்டே போக, பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது தள்ளுவதற்குச் சுமை மிச்சம் இல்லை. கேசின் ஒன்றோடொன்று சேர்ந்து உறைகிறது. ஐசோஎலக்ட்ரிக் பாயிண்ட் என்று மூன்றாம் பருவத்தில் வரும்போது உங்கள் வீட்டுத் தயிர்ச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மோல் கணக்குக்குப் பயப்பட வேண்டாம். ஒரு டஜன் என்றால் பன்னிரண்டு. ஒரு மோல் என்றால் 6.022 × 10²³. எண்ணி மாளாது என்பதால் எடை போட்டு எண்ணுகிறோம். குளுக்கோஸ் ஒரு மோல் 180 கிராம். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 0.9 கிராம், 180-ஆல் வகுத்தால் 0.005 மோல், அதாவது 5 மில்லிமோல். சில நாடுகளின் சீட்டில் சர்க்கரை 5 என்று போட்டிருப்பது இதைத்தான். இந்த ஒரு கணக்கை நீங்களே நான்கு தடவை வேறு எண் வைத்துப் போட்டுப் பாருங்கள், போதும்.

சொற்களைப் பற்றிக் கேட்டீர்கள். சில சொற்கள் நம்மை ஏமாற்றும், அவற்றை மட்டும் எச்சரிக்கிறேன். காரம் என்றதும் மிளகாய் நினைவுக்கு வருகிறது. வேதியியல் காரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பேஸ் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். டிஎன்ஏவில் வரும் பேஸும் அதே சொல்தான். அதில் உள்ள நைட்ரஜன் ஹைட்ரஜன் அயனியை வாங்கக்கூடியது என்பதால் அந்தப் பெயர். அணுவின் கரு, செல்லின் கரு இரண்டையும் ஆங்கிலத்தில் நியூக்ளியஸ் என்று ஒரே பெயரில் அழைக்கிறார்கள். தமிழில் அணுவுக்கு அணுக்கரு, செல்லுக்கு உட்கரு. நம் சொல்தான் தெளிவு. வலிமையான அமிலம் என்பது எவ்வளவு முழுமையாக அயனியாகிறது என்பதைக் குறிக்கும். செறிவான அமிலம் என்பது எவ்வளவு அதிகம் கரைந்திருக்கிறது என்பதை. அப்புறம், ரிடக்ஷன். குறைப்பு என்று பொருள் கொண்டு, எலக்ட்ரானை இழப்பது என்று எழுதிவிடுகிறார்கள். தலைகீழ். ஒடுக்கம் என்றால் எலக்ட்ரானைப் பெறுவது.

ஹைட்ரோலிசிஸ் என்ற சொல்லோடு பள்ளியில் படித்த நீராற்பகுப்பைப் பக்கத்தில் வையுங்கள். நீரால் பகுப்பது: பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக, புரதத்தை அமினோ அமிலமாக, கொழுப்பைக் கொழுப்பு அமிலமாகப் பிரிக்கும் செரிமானம் முழுக்க இந்த ஒரே வினைதான். தமிழில் படித்து வந்ததை ஒரு குறை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே சாவி இருக்கிறது, பூட்டின் பெயர் மட்டும்தான் புதிது.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாட வரிசையில் இருக்கின்றன; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வேதிப் பிணைப்புகள், அயனிச் சமநிலை, உயிரியல் மூலக்கூறுகள் ஆகிய மூன்று பாடங்களை மட்டும் இரண்டு மொழியிலும் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்துப் படியுங்கள். அயனிச் சமநிலையில் கணக்குகள் கடினமாக இருந்தால் இப்போதைக்குத் தாண்டிப் போகலாம். தமிழில் தேடும்போது இலங்கைப் பாடநூல்களும் கிடைக்கும். அங்கே தனிமம் மூலகம், ஹைட்ரஜன் ஐதரசன், ஆக்சிஜன் ஒட்சிசன், செல் கலம் என்று இருக்கும். அது தெரிந்தால் குழப்பம் வராது.

இருநூறு சொல் நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம், ஓரமாக வையுங்கள். இன்றிரவு புதுப் பக்கத்தில் ஒரு தண்ணீர் மூலக்கூறை வரையுங்கள். எந்தப் பக்கம் எதிர்மின், எந்தப் பக்கம் நேர்மின் என்று குறியுங்கள். நடுவே ஒரு சோடியம் அயனியை வைத்தால் சுற்றியுள்ள தண்ணீர் எந்தப் பக்கத்தைக் காட்டி நிற்கும்? குளோரைடு அயனியை வைத்தால்? இரண்டையும் வரைந்து நாளை உங்கள் அலைடு கெமிஸ்ட்ரி ஆசிரியரிடம் காட்டுங்கள். உப்பு கரைவது என்றால் என்ன என்பதை அந்தப் படத்தை வைத்தே அவரிடம் ஒரு தடவை விளக்கிச் சொல்லிப் பாருங்கள்.